‘மானியோஸ் என்னைச் செய்தான்’: ரோமானியப் பெயர்களைத் தேடி ஏழு நாள்

முதல் நாள், ரோம்

காலையில் விமானம் இறங்கியது. அறையில் பையைப் போட்டதுமே சித்தப்பா, “முதல்ல பாந்தியோன் போயிடலாம்மா, தூக்கமெல்லாம் அப்புறம்” என்றார். அவருக்கு 71 வயது. இளமையில் குருமடத்தில் நான்கு ஆண்டு லத்தீன் படித்தவர். குருவாகப் போவதில்லை என்று முடிவெடுத்து வீட்டுக்குத் திரும்பி, புதுச்சேரியிலேயே பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றார். லத்தீன் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. ரோமானியர்களின் பெயர்கள் எந்தெந்த மொழியிலிருந்து வந்தவை என்று கல்லிலேயே படித்துப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய பல வருஷத்து ஆசை. எனக்கு லத்தீன் தெரியாது. அவர் படிக்கப் படிக்கக் கேட்டு, இரவில் உட்கார்ந்து எழுதிவிடுவது என் வேலை.

பாந்தியோன் முகப்பில் ஆள் உயரத்தில் பாதி இருக்கும் போலத் தெரியும் எழுத்துகள். எதிரே இருக்கும் நீரூற்றுப் படியில் உட்கார்ந்து சித்தப்பா மெதுவாகப் படித்தார். ‘எம் அக்ரிப்பா, எல் எஃப்...’ மார்க்குஸ் அக்ரிப்பா, லூக்கியுஸின் மகன், மூன்றாம் முறை கான்சலாக, அதாவது ஆண்டுக்கு இருவராக வரும் ஆட்சித் தலைவர்களில் ஒருவராக, இருந்தபோது கட்டியது. அந்த மூன்றாம் முறை கி.மு. 27. அவர் கட்டிய கோயில் எரிந்துபோய், இன்று நிற்பது ஹாட்ரியன் பேரரசர் காலத்துக் கட்டடம். ஆனாலும் முகப்பில் பழையவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

தன் பெயருக்கு ஓர் எழுத்து, அப்பா பெயருக்கு ஓர் எழுத்து. இனிஷியல் போட்டுப் பழகிய நமக்கு இது பார்த்தவுடனே பிடிபட்டுவிடும். நாம் அப்பாவின் பெயரை மட்டும் சுருக்குகிறோம். இவர்கள் சொந்தப் பெயரையே ஓர் எழுத்தாக்கிவிட்டார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. குடியரசுக் காலத்தில் ஆண்பிள்ளைக்கு வைக்கப் பரவலாகப் புழங்கிய பெயர்கள் இருபதுகூட இல்லை. மார்க்குஸ், லூக்கியுஸ், கயுஸ், புப்லியுஸ், தீத்துஸ் என்று திரும்பத் திரும்ப அவைதான். அதனால் ‘எம்’ என்று வெட்டினாலே மார்க்குஸ் என்று ஊருக்கே புரியும். அடுத்து வருவது குலப்பெயர். மூன்றாவது, அந்தக் குலத்தின் ஒரு கிளைக்கு ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர். கயுஸ் ஜூலியஸ் சீசர் என்றால் ஆள் கயுஸ், குலம் ஜூலியஸ், கிளை சீசர்.

அப்படியானால் இந்த முகப்பில் ஒன்று குறைகிறது. அக்ரிப்பாவின் குலப்பெயர் எங்கே? அது விப்சானியுஸ். லத்தீன் அகராதியில் வேர் கிடைக்காத பெயர். பெரிய குடும்பங்களின் வரிசையில் வராத பெயரும்கூட. மனிதர் அதைத் தன் கல்வெட்டுகளில் போட்டுக்கொள்ளவே இல்லை. ‘அக்ரிப்பா’ என்றால் காலை முன்னே நீட்டிப் பிறந்த பிள்ளை என்று பழைய ரோமானியர்கள் பொருள் சொன்னார்கள். அகுஸ்துஸ் பேரரசரின் வலது கையாக இருந்தவர், அவ்வளவு பெரிய கோயிலின் நெற்றியில் குலத்தை விட்டுவிட்டு நிற்கிறார். அதைக் கண்டதும் எனக்கு என்னவோ போலிருந்தது.

இரண்டாம் நாள், ரோம்

தெர்மினி ரயில் நிலையத்துக்கு எதிரேயே தியோக்ளேசியன் குளியல் மாளிகை. இன்று அது தேசிய அருங்காட்சியகத்தின் ஒரு பகுதி. கல்வெட்டுகள் மட்டும் தளம் தளமாக இருக்கின்றன. நாங்கள் தேடி வந்த கல்லைச் சுற்றி ஆளே இல்லை.

1977இல் ரோமுக்குத் தெற்கே சத்ரிக்கும் என்ற பழைய ஊரில், ஒரு கோயிலின் அஸ்திவாரத்தில் கிடைத்த கல் அது. ஏறக்குறைய கி.மு. 500ஆம் ஆண்டு. மார்ஸ் தெய்வத்துக்குக் காணிக்கை. அதில் சித்தப்பா விரலைக் காற்றில் நகர்த்திக் காட்டிய இரண்டு சொற்கள்: ‘பொப்லியோசியோ வலேசியோசியோ’. பொப்லியோஸ் வலேசியோஸ் என்பவரின் தோழர்கள் இந்தக் கல்லை நிறுத்தினார்கள் என்று பொருள். பிற்காலத்து லத்தீனில் அதே பெயர் புப்லியுஸ் வலேரியுஸ். ரோமின் முதல் கான்சல்களில் ஒருவராகச் சொல்லப்படும் பொப்லிகோலாவின் பெயர் இதேதான். இது அவராகவே இருக்கலாம் என்று சொல்கிற ஆய்வாளர்களும் உண்டு.

வலேசியோஸ் எப்படி வலேரியுஸ் ஆனது? இரண்டு உயிர் ஒலிகளுக்கு நடுவில் மாட்டிய ‘ஸ’ லத்தீனில் ‘ர’ ஆகிவிட்டது. ஊர்ப்பேச்சில் நடந்த மாற்றம். பூவுக்கு ‘ஃப்ளோஸ்’, பூவின் என்றால் ‘ஃப்ளோரிஸ்’. ஃப்ளோரன்ஸ் நகரத்துப் பெயரின் நடுவில் இருக்கும் ‘ர’வும் இதே ‘ர’தான். குடும்பப் பெயர்களும் தப்பவில்லை. ஃபூசியுஸ் குடும்பம் ஃபூரியுஸ் ஆனது. பபீசியுஸ் குடும்பம் பபீரியுஸ் ஆனது. ரோமானியப் பேச்சாளர் சிசரோ தன் நண்பருக்கு எழுதிய கடிதம் ஒன்றில், கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த லூக்கியுஸ் பபீரியுஸ் கிராஸ்ஸுஸ்தான் முதன்முதலில் பபீசியுஸ் என்று அழைக்கப்படுவதை நிறுத்திய ஆள் என்கிறார். அந்த நண்பரும் ஒரு பபீரியுஸ். ‘உன் முன்னோர் பெயர் இப்படி இருந்ததப்பா’ என்று கடிதத்தில் எடுத்துச் சொல்கிற அக்கறை எனக்குப் பிடித்தது.

சித்தப்பா இன்னொன்றும் சொன்னார். கயுஸ் என்ற பெயரைச் சுருக்கும்போது ரோமானியர்கள் ‘ஜி’ போடாமல் ‘சி’ போடுவார்கள். வாயில் வருவது ‘க’வின் மெல்லிய ஒலி, எழுத்தோ வேறு. ரோமானியர்களின் எழுத்து, ரோமுக்கு வடக்கே வாழ்ந்த எத்ருஸ்கர்களின் கை வழியாக வந்தது. எத்ருஸ்க மொழியில் அந்த மெல்லிய ஒலியே கிடையாது. அதனால் கிரேக்கர்களிடம் ‘காமா’வாக இருந்த எழுத்து, எத்ருஸ்கர்களிடம் வல்லின ககரமாகிப்போய், அப்படியே ரோமுக்கு வந்து சேர்ந்தது. பல தலைமுறைகளுக்கு ரோமானியர்கள் ஒரே எழுத்தை வைத்து இரண்டு ஒலியையும் எழுதினார்கள். நாம் ‘கல்’ என்பதிலும் ‘அங்கு’ என்பதிலும் ஒரே ககரத்தைப் போடுகிறோமே, அது மாதிரி. அப்புறம்தான் அந்த எழுத்தில் ஒரு சின்னக் கோடு இழுத்து ‘ஜி’யை உண்டாக்கினார்கள். கயுஸின் சுருக்கம் மட்டும் பழைய எழுத்திலேயே நின்றுவிட்டது. எத்ருஸ்க நாக்கின் ஒரு தழும்பு, ரோமில் மிகச் சாதாரணமான பெயர் ஒன்றின் மேல்.

மூன்றாம் நாள், ரோம்

மெட்ரோ பி வழித்தடத்தில் தெற்கே போனோம். வழியில் சான் பாவ்லோ பேராலயத்தில் இறங்கியே தீர வேண்டும் என்றார் சித்தப்பா. புனித பவுலின் கல்லறை மேல் எழுப்பிய கோயில். கல்லறைப் பலகையில் ‘பாவ்லோ அப்போஸ்தோலோ’ என்று பொறித்திருக்கிறது.

என் தாத்தாவின் பெயர் சின்னப்பன். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் இனிஷியல் அந்த ‘சி’தான். தமிழ்க் கத்தோலிக்கர்கள் பவுலைச் சின்னப்பர் என்று அழைத்துவந்த காரணம் இந்தக் கோயிலில் நின்றபோதுதான் என் மனதில் முழுசாக இறங்கியது. ‘பாவ்லுஸ்’ என்ற லத்தீன் சொல்லுக்குப் பொருளே சின்னவன். முதலில் அது யாரோ ஒரு குள்ளமான ரோமானியருக்கு வைத்த பட்டப்பெயர். ஏமிலியுஸ் குலத்தில் ஒரு கிளைக்கே அது நிலைத்துவிட்டது. தர்சு நகரத்து சவுல், யூதப் பெயரோடு இந்த ரோமானியப் பெயரையும் வைத்திருந்தார். அப்போஸ்தலர் பணியில் ‘பவுல் என்னப்பட்ட சவுல்’ என்று வருகிற இடத்தில், சைப்ரஸ் ஆளுநர் ஒருவரும் வருகிறார். அவர் பெயர் செர்கியு பவுல். ஒரே அதிகாரத்தில் இரண்டு சின்னவர்கள். பெயரை ஒலிபெயர்க்காமல் பொருளைப் பிடித்து ‘சின்னப்பர்’ என்று வைத்த அந்தப் பழைய தமிழ் ஆளை நினைத்து, சித்தப்பா ஒரு மெழுகுவத்தி ஏற்றினார்.

அங்கிருந்து ஏயுர் பகுதி. அகலமான வெள்ளைக் கட்டடங்கள், நிழல் குறைவு. ‘நாகரிகங்களின் அருங்காட்சியகம்’ இங்கேதான். இந்தப் பயணத்தில் நான் அதிகம் எதிர்பார்த்த பொருள் இந்த அருங்காட்சியகத்தின் சொத்து. பத்து சென்டிமீட்டர் சொச்சம் நீளமுள்ள தங்க ஊக்கு. தோளில் ஆடையைப் பிடித்து நிறுத்தக் குத்துவது. ரோமுக்குக் கிழக்கே பிரைநெஸ்தே என்று அந்நாளில் பெயர் பெற்ற ஊரைச் சேர்ந்தது, கி.மு. 7ஆம் நூற்றாண்டு. அதன் முதுகில், வலமிருந்து இடமாக, நான்கே சொற்கள்:

‘மானியோஸ் மெத் ஃபெஃபாகெத் நுமாசியோய்.’

மானியோஸ் என்னை நுமாசியோஸுக்காகச் செய்தான்.

நமக்குக் கிடைத்த லத்தீன் எழுத்துகளில் மிகப் பழையவற்றில் ஒன்று இது. அதில் பாதி பெயர்கள். செய்தவன் ஒருவன், வாங்கியவன் ஒருவன். ஊக்கே ‘என்னை’ என்று பேசுகிறது. 1887இல் ஒரு ஜெர்மானிய அறிஞர் இதை வெளிக்கொண்டு வந்தபோது உலகம் வியந்தது. 1980இல் மார்கரீத்தா குவார்துச்சி என்ற பெரிய கல்வெட்டறிஞர் இது போலி என்று புத்தகமே எழுதினார். சித்தப்பா அந்தச் செய்தியை அப்போதே படித்து மனசு விட்டுப்போனாராம். 2011இல் உலோகத்தின் மேற்பரப்பை நுணுக்கமாகச் சோதித்தார்கள். எழுத்தும் ஊக்கும் ஒரே பழமை, உண்மையானவை என்று முடிவு வந்தது. “முப்பது வருஷம் கழிச்சு மானியோஸ் பேர் திரும்ப வந்துதும்மா” என்று சொல்லும்போது அவர் குரல் கம்மியது.

மானியோஸ் பிற்காலத்தில் மானியுஸ். ‘மானே’ என்றால் விடியற்காலை, விடியலில் பிறந்தவன் மானியுஸ் என்று ரோமானியர்களே சொல்லிக்கொண்டார்கள். பகல் வெளிச்சத்தில் பிறந்தவன் லூக்கியுஸ். அவ்வளவும் நல்ல லத்தீன். நுமாசியோஸ் அப்படியல்ல. நேற்றுப் பார்த்த அதே ‘ஸ’ மாற்றத்தில் அது நுமேரியுஸ் ஆனது. ஆனால் தென் இத்தாலியில் பேசிய ஓஸ்கன் மொழியில் அதே பெயர் ‘நியும்சிஸ்’. எத்ருஸ்கத்தில் ‘நுமேசியே’. மூன்று மொழிக்காரர்களும் ஒரு பெயரைக் கைமாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். இதில் எத்ருஸ்கம் மற்ற இரண்டுக்கும் உறவே இல்லாத மொழி. சந்தையில் ஒருவருக்கொருவர் தானியம் அளந்தவர்கள், பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். பெயர் மட்டும் எப்படி ஒரே வேலிக்குள் நிற்கும்?

நான்காம் நாள், ஆப்பியா சாலை

கல் பாவிய பழைய ஆப்பியா சாலையில் நடந்தோம். பேருந்து வர நேரமாகிவிட்டது, வெயில் ஏறிவிட்டது. ஆனாலும் பைன் மரத்து நிழலில் நடப்பது சுகம்.

கி.மு. 312இல் ஆப்பியுஸ் கிளாவ்தியுஸ் கைக்குஸ் போட்ட சாலை. அவர் பெயரே ஒரு புலம்பெயர்ந்த கதை. அந்தக் குலத்து முதல்வர் ரோமுக்கு வடகிழக்கே இருந்த சபீன நாட்டுக்காரர், பெயர் அத்துஸ் கிளாவ்சுஸ். கி.மு. 504இல் தன் ஆட்களோடு ரோமுக்குக் குடிவந்து, ஆப்பியுஸ் கிளாவ்தியுஸ் ஆனார் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். லத்தீனில் ‘கிளாவ்துஸ்’ என்றால் நொண்டி. வந்த ஊர் காதில் கேட்ட ஒலியோடு சேர்த்துப் பொருள் சொல்லிக்கொண்டது. ஆப்பியுஸ் என்ற முன்பெயர் ஏறக்குறைய அந்த ஒரு குடும்பத்தின் தனிச்சொத்தாகவே இருந்தது. அந்தக் குடும்பத்தில் பின்னாளில் வந்த ‘நீரோ’ என்ற பட்டப்பெயரும் சபீனச் சொல்தான். வீரமுள்ளவன் என்று பொருள். கைக்குஸ் மட்டும்தான் சுத்த லத்தீன். கண்தெரியாதவர். அவருக்கு முதுமையில் பார்வை போய்விட்டது.

குலப்பெயர்களில் வருகிற ‘இயுஸ்’ விகுதிக்கு ‘அவனைச் சேர்ந்த’ என்று பொருள். மார்க்குஸைச் சேர்ந்தவன் மார்க்கியுஸ், தீத்துஸைச் சேர்ந்தவன் தீத்தியுஸ். முதலில் அது ‘இன்னாரின் மகன்’. பிறகு பேரனுக்கும் அதுவே ஒட்டிக்கொண்டு குலப்பெயராக உறைந்தது. உரிச்சொல்லாக இருப்பதால் சாலைக்கும் சட்டத்துக்கும் மாதத்துக்கும் அப்படியே போடலாம். நம் காலண்டரில் தொங்கும் ஜூலை, ‘ஜூலியஸைச் சேர்ந்த மாதம்’.

இந்தச் சாலை முதலில் போய்ச் சேர்ந்தது கபுவா. ஓஸ்கன் பேசிய ஊர். லத்தீனில் ‘க்வ’ என்று வருவது ஓஸ்கனில் ‘ப’ ஆகும். லத்தீனில் ஐந்து ‘க்வின்க்வே’, ஓஸ்கனில் ‘பொம்பே’. நம்மிடம் வடமொழி வழியாக வந்த ‘பஞ்ச’மும் இவற்றின் தூரத்துச் சொந்தம். லத்தீன்காரர் ஐந்தாவது பிள்ளைக்குக் க்வின்துஸ் என்று வைக்க, அதிலிருந்து க்வின்க்தியுஸ் குலம் வந்தது. ஓஸ்கன்காரர் வைத்ததிலிருந்து பொம்பேயுஸ் வந்தது, பொந்தியுஸ் வந்தது. ஜூலியஸ் சீசரோடு மோதிய மாபெரும் பொம்பேயுஸின் பெயர் ரோமானியமே இல்லை, அஞ்சாம் பிள்ளை என்கிற ஓஸ்கன் பெயர். கி.மு. 321இல் கவுதியக் கணவாயில் ரோமானியப் படையை மடக்கி நுகத்தடியின் கீழ் குனிய வைத்த ஓஸ்கன் பேசிய சாம்னியத் தளபதி, கயுஸ் பொந்தியுஸ்.

சித்தப்பா நின்றுவிட்டார். “போஞ்சு பிலாத்து” என்றார். இயேசுவைச் சிலுவையில் அறையத் தீர்ப்பிட்ட ரோமானிய ஆளுநர்.

சின்ன வயதிலிருந்து ‘போஞ்சு பிலாத்தின் அதிகாரத்தில் பாடுபட்டு’ என்று தினமும் சொல்லிவந்த விசுவாசப் பிரமாணம். அந்தப் ‘போஞ்சு’ ஓர் ஓஸ்கன் ‘ஐந்து’. அந்த மொழியைப் பேச இன்று ஒருவரும் இல்லை. பெயர் மட்டும் ஞாயிறுதோறும் எங்கள் ஊர்க் கோயிலில் ஒலிக்கிறது.

செசிலியா மெத்தெல்லாவின் கல்லறை வட்டக் கோட்டை மாதிரி நிற்கிறது. பலகையில் மூன்று வரி: ‘கைகிலியாவுக்கு, க்வின்துஸ் கிரேத்திக்குஸின் மகள், மெத்தெல்லாவுக்கு, கிராஸ்ஸுஸின்.’ கிராஸ்ஸுஸின் மனைவி என்று பொருள். அப்பாவுக்குக் கிரேத்திக்குஸ் என்ற பட்டம் கிரேத்தா தீவை வென்றதால் வந்தது. கிராஸ்ஸுஸ் என்றால் தடித்தவன். கைகிலியுஸ் என்ற குலப்பெயரைக் ‘கைக்குஸ்’ என்ற குருட்டுச் சொல்லோடு சேர்த்துப் பார்த்தார்கள். இவ்வளவு பெயரிலும் அந்தப் பெண்ணுக்கென்று தனியாக ஒரு பெயர் இல்லை. ரோமானியக் குலத்துப் பெண்ணுக்குக் குலப்பெயரின் பெண்பால்தான் பெயர். சீசரின் இரண்டு அக்கா தங்கைகளும் ஜூலியாதான். மூத்தவள், இளையவள், மூன்றாமவள் என்று எண் போட்டுப் பிரித்தார்கள். என் அத்தை பெயர் செசிலியா. ஊருக்குப் போய் அவரிடம் இதை எப்படிச் சொல்வேன் என்று தெரியவில்லை.

மாலையில் போர்த்தா மஜ்ஜோரே. ட்ராம் தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு ரொட்டிக்கடைக்காரரின் கல்லறை. மார்க்குஸ் வெர்கிலியுஸ் யூரிசாக்கெஸ். மாவு பிசைவது, ரொட்டி சுடுவது, எடை போடுவது எல்லாம் மேலே சிற்பமாக ஓடுகின்றன. பெயரில் மூன்றாவது கிரேக்கம். ‘அகன்ற கேடயம்’ என்று பொருள், கிரேக்கக் கதை வீரன் ஐயாஸின் மகனுக்கு இருந்த பெயர். அடிமையாக இருந்து விடுதலையானவர் எசமானின் முதல் இரண்டு பெயரையும் எடுத்துக்கொண்டு, தன் பழைய பெயரை மூன்றாவதாக வைத்துக்கொள்வது வழக்கம். ‘இன்னாரின் மகன்’ என்று இங்கே ஒரு சொல்லும் இல்லை. அப்பா பெயர் வரவேண்டிய இடத்தில் தொழிலின் பெயர் வருகிறது.

ஐந்தாம் நாள், வத்திக்கான்

மழை. கூட்டம். அருங்காட்சியகத்தில் ஒரே ஒரு பொருளுக்காகப் போனோம்: கி.மு. 298இல் கான்சலாக இருந்த லூக்கியுஸ் கொர்னேலியுஸ் ஸ்கிப்பியோ பார்பாதுஸின் சாம்பல்நிறக் கல் சவப்பெட்டி. ‘க்னைவோத் பத்ரே’ என்று தொடங்கும் இடத்தில் அவருடைய அப்பா நேயுஸின் பெயர் அதன் பழைய வடிவத்திலேயே நிற்கிறது. ஸ்கிப்பியோ என்றால் ஊன்றுகோல். பார்வையற்ற தந்தைக்குக் கோலாக இருந்த மகனின் வழி வந்தவர்கள் என்பது கதை. பார்பாதுஸ், தாடிக்காரர்.

நம் தெருவில் நாலு செல்வம் இருந்தால் டெய்லர் செல்வம், நெட்டை செல்வம் என்போமே, இந்த மூன்றாம் பெயர்கள் அப்படி வந்தவை. நாசோ மூக்கர், கால்வுஸ் வழுக்கை, ஸ்த்ராபோ மாறுகண், ப்ளாவ்துஸ் தட்டைப்பாதம், ஸ்கைவோலா இடதுகைக்காரர். சிசரோ என்பது கொண்டைக்கடலை. அரசியலுக்கு வந்தபோது பெயரை மாற்றிக்கொள்ளும்படி நண்பர்கள் சொன்னார்களாம். ஸ்கௌருஸ், கதுலுஸ் குடும்பங்களின் பெயரைவிட இதை உயர்த்திக் காட்டுகிறேன் என்றார் அவர். ஸ்கௌருஸ் என்றால் கணுக்கால் வீங்கியவர், கதுலுஸ் என்றால் நாய்க்குட்டி. அவை அப்போது பெரிய பெயர்கள்.

ஆறாம் நாள், பெருஜா

ரயிலில் உம்பிரியா வந்தோம். பெருஜா மலை மேல் இருக்கிறது. நாங்கள் போனது கீழே, போந்தே சான் ஜொவான்னியில் உள்ள வொலும்னி நிலவறை. 1840இல் சாலை வேலையின்போது கிடைத்தது. செங்குத்தான படி இறங்கினால் பாறையில் குடைந்த வீடு. மேலே கூரைச்சாரம் கல்லிலேயே செதுக்கியது, மரம் என்றே நினைப்போம். குளிர் காலில் ஏறுகிறது.

உள்ளறையில் ஏழு சாம்பல் பேழைகள். எத்ருஸ்கக் குடும்பம் ஒன்று தலைமுறை தலைமுறையாக இங்கே படுத்திருக்கிறது. ஆர்ந்த் வெலிம்னாஸ் என்ற குடும்பத் தலைவர் தன் பேழையின் மேல் விருந்துக்குச் சாய்ந்தவர் போலச் சாய்ந்திருக்கிறார். ஆறு பேழைகள் உள்ளூர்க் கல். ஏழாவது மட்டும் வெள்ளைப் பளிங்கு, ஒரு சிறு கோயில் வடிவம். காலத்தால் கடைசி. அதில் இரண்டு மொழியில் ஒரே மனிதரின் பெயர்.

கீழே லத்தீன்: புப்லியுஸ் வொலும்னியுஸ், ஔலுஸின் மகன், வியோலென்ஸ், கஃபாத்தியாவுக்குப் பிறந்தவன்.

மேலே கூரையில் எத்ருஸ்கம்: ‘புப் வெலிம்னா ஔ கஹாத்தியல்’.

இந்த இரண்டு வரிகளைப் பார்க்கத்தான் சித்தப்பா இத்தாலிக்கே வந்தார் என்று சொல்லலாம். நானும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஒவ்வொரு சொல்லாகப் பார்க்க வேண்டும். ‘புப்’ புப்லியுஸாகிறது. இரண்டாம் நாள் பார்த்த பொப்லியோஸேதான் அது. லத்தீனிலிருந்து எத்ருஸ்கத்துக்குப் போய், எத்ருஸ்கனாக வளர்ந்து, இந்தக் கல்லில் மறுபடி லத்தீனாகத் திரும்புகிறது. ‘வெலிம்னா’ வொலும்னியுஸாகிறது. ‘நா’ என்பது எத்ருஸ்கக் குலப்பெயர்களின் விகுதி, ரோமானியரின் ‘இயுஸ்’ மாதிரி. அதன் மேல் லத்தீன் ஒட்டையும் போட்டால் ரோமானியப் பெயர் தயார். சில குடும்பங்கள் அதைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. கைகீனா, ஸ்புரின்னா, பெர்பெர்னா என்று வால் தெரியவே ரோமில் நடமாடினார்கள். கைகீனா என்பது வொல்தேர்ரா ஊரின் ‘கைக்னா’ குடும்பம். அங்கே ஓடும் செச்சினா ஆற்றிலும் அந்தப் பெயர் இருக்கிறது. ‘ஔ’ ஔலுஸ். எத்ருஸ்கத்தில் அவ்லே. ரோமானியர்களின் ஒற்றையெழுத்துப் பெயர்களில் ஒன்று.

‘வியோலென்ஸ்’ எத்ருஸ்க வரியில் இல்லை. அந்தப் பட்டப்பெயர் ரோமானியர்களுக்குக் காட்ட மட்டும்.

கடைசிச் சொல்தான் என்னைப் பிடித்தது. ‘கஹாத்தியல்’, கஹாத்தி வீட்டுப் பெண்ணின் பிள்ளை. எத்ருஸ்கர்கள் அம்மாவின் குலத்தையும் கல்லில் எழுதுவார்கள். ரோமானியர்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை. கி.மு. 90க்குப் பிறகு இந்த ஊர்க்காரர்கள் ரோமானியக் குடிமக்கள் ஆனார்கள். கி.மு. 40இல் முற்றுகையில் ஊரே எரிந்தது. மறுபடி கட்டப்பட்டு ‘அகுஸ்தா பெருசியா’ என்று வாயிலிலேயே லத்தீனில் எழுதிக்கொண்டது. அந்தக் காலத்தை ஒட்டி வாழ்ந்த இந்தப் புப்லியுஸ் பேச்சு, உடை, பெயர் எல்லாவற்றிலும் ரோமானியராகிவிட்டார். ஆனால் லத்தீன் வரியிலும் அம்மாவை விடவில்லை. ‘கஃபாத்தியாவுக்குப் பிறந்தவன்’ என்று எழுதச் சொல்லிவிட்டுப் படுத்திருக்கிறார்.

“நம்ம வீட்டுல அம்மா பேரை எங்கம்மா எழுதறோம்?” என்று சித்தப்பா கேட்டார். பாட்டியின் பெயர் மதலேனம்மாள். அன்றிரவு அவர் தன் நோட்டின் முதல் பக்கத்தில் தன் பெயருக்குக் கீழே அதையும் எழுதியதைப் பார்த்தேன்.

ஏழாம் நாள், அரெத்சோ

தெரோந்தோலாவில் ரயில் மாறி அரெத்சோ. இங்குள்ள தொல்பொருள் அருங்காட்சியகத்துக்கு கயுஸ் கில்னியுஸ் மைகேனாஸின் பெயர் வைத்திருக்கிறார்கள். அகுஸ்துஸின் நண்பர், வெர்ஜிலையும் ஹொரேஸையும் ஆதரித்த புரவலர். கில்னியுஸ் இந்த ஊரின் எத்ருஸ்கப் பெருங்குடி. அரண்மனைபோல வளைந்த கட்டடம், பழைய ஆம்பிதியேட்டரின் சுவர் மேலேயே எழும்பியிருக்கிறது.

இங்கே வந்தது சிவப்புப் பாத்திரத்துக்காக. பளபளவென்று மெருகேற்றிய அரெத்சோ மண்பாண்டம், அடியில் சின்ன முத்திரை. மார்க்குஸ் பெரென்னியுஸின் பட்டறைப் பாத்திரங்கள் இந்த அருங்காட்சியகத்தின் பெருமை. அந்தப் பட்டறையின் முத்திரைகளில் வருகிற பெயர்களைச் சித்தப்பா ஒவ்வொன்றாகச் சொன்னார். நிகெஃபோருஸ், கெர்தோ: கிரேக்கம். பர்காத்தெஸ்: சிரியப் பக்கத்துப் பெயர். திக்ரானுஸ்: ஆர்மேனிய அரசர்களின் பெயர். கெர்தோ முத்திரையில் எசமான் பெயரும் அடிமை பெயரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். பர்காத்தெஸ் பின்னாளில் மார்க்குஸ் பெரென்னியுஸ் பர்காத்தெஸ் என்று முழு ரோமானியப் பெயரோடு முத்திரை குத்துகிறார். ரொட்டிக்கடைக்காரரைப் போலவே.

அரிக்கமேடு எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரம். 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது இதே சிவப்புப் பாண்டத் துண்டுகள் கிடைத்தன. சிலவற்றில் முத்திரை இருந்தது. விபியுஸ், கமூரியுஸ், இட்டா. இந்த ஊர்க் குயவர் பட்டறைகளின் பெயர்கள். அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் நின்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு எத்தனையோ தடவை இதைச் சொல்லியிருக்கிறார் சித்தப்பா. விபியுஸ் எந்த மொழிப் பெயர் என்று அப்போது அவரை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ரோமானியப் பெயர் என்றுதான் சொல்லியிருப்பாராம்.

ஓஸ்கனில் அது ‘வீபிஸ்’, ஆளுக்கு வைக்கிற முன்பெயர். எத்ருஸ்கத்தில் ‘விப்பி’, குலப்பெயர். அதில் ‘நா’ சேர்த்தால் விப்பினா. ரோமுக்கு வந்து சண்டை போட்டதாகச் சொல்லப்படும் வல்சி ஊர் வீரர்கள் விபென்னா சகோதரர்கள் அந்தப் பெயர்க்காரர்கள். கமூரியுஸ் என்பதோடு ஒலியில் ஒட்டும் ‘கமூர்’ என்ற லத்தீன் சொல்லுக்கு வளைந்தது என்று பொருள், மாட்டுக் கொம்புக்குச் சொல்வது.

கண்ணாடிப் பெட்டிகளின் முன் வெகுநேரம் நின்றோம். விபியுஸ் எங்கள் கண்ணில் படவில்லை. ஓர் ஓட்டுத்துண்டில் மட்டும் மனிதப் பாதம் போன்ற வடிவத்துக்குள் குத்திய முத்திரை. அந்தக் காலத்துக் குயவர்களுக்கு அப்படிக் குத்துவதில் ஒரு பிரியம். எழுத்து தேய்ந்திருந்தது. சித்தப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். முதல் எழுத்து ‘சி’ என்று இருவருக்கும் நிச்சயம். அதைக் ‘க’ என்றே படிக்க வேண்டும் என்று இரண்டாம் நாளே எனக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்.